அப்பா இறந்த பிறகு விற்ற நிலம், அதற்குப் பிறகு வந்த உயில்

கேள்வி: கோயம்புத்தூரில் இருக்கிறேன். பிறந்தது கும்பகோணம் பக்கத்துக் கிராமம். அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சம்பளத்தில் கும்பகோணத்தில் ஒரு வீடு கட்டினார். கிராமத்தில் தாத்தா வழியில் ஒன்பது மா (சுமார் மூன்று ஏக்கர்) நஞ்சை. அண்ணன், நான், தங்கை என மூன்று பிள்ளைகள். 2019-ல் நிலத்தைப் பார்த்துக்கொள்ளவும் விற்கவும் அண்ணனுக்கு அப்பா பவர் (தன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிப் பதிவு செய்து கொடுத்தார். 2020 கடைசியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வைத்தியச் செலவுக்கென்று 2021-ல் அண்ணன் இரண்டு மா விற்றார். 2023 ஜனவரியில் அப்பா தவறிவிட்டார். 2025 தீபாவளிக்கு ஊருக்குப் போனபோதுதான், 2023 மார்ச்சில் அதே பவரை வைத்து இன்னும் மூன்று மாவை அண்ணன் விற்றிருப்பது தெரிந்தது. வாங்கியவர் எங்கள் தெருக்காரர், அப்பாவின் காரியத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தவர். கேட்டால், "அது ரத்து செய்ய முடியாத பவர்" என்கிறார் அண்ணன். பங்கு கேட்டதும் ஓர் உயிலை எடுத்துக் காட்டினார். 2021 ஆகஸ்ட் தேதி போட்டது. இருபது ரூபாய் முத்திரைத்தாள். பதிவு இல்லை. அப்பாவின் கையெழுத்து இல்லை, கைரேகைதான். ஒரு சாட்சி அண்ணியின் தம்பி. இன்னொருவர் அதை எழுதிய பத்திர எழுத்தர், அவர் இப்போது உயிரோடு இல்லை. சொத்து முழுக்க அண்ணனுக்கு, அம்மாவுக்கு ஒரு வரிகூட இல்லை. பட்டாவும் அவர் பெயருக்கு மாறிவிட்டதாம். ஆளுக்கு ஐந்து லட்சம் தருகிறேன், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். போட்டுவிடலாம் என்கிறாள் தங்கை. அண்ணனோடு இருக்கும் அம்மா, கோர்ட் வாசலை மிதிக்காதே என்று அழுகிறார். பதிவு செய்யாத உயில் செல்லுமா? நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தங்கையிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். உயில் பொய்யென்றால் அதை நீதிமன்றத்தில் உடைக்கலாம், இறந்தவர் பெயரில் நடந்த கிரயத்தையும் எதிர்க்கலாம். நீங்களே சார்பதிவாளர் முன்னால் போய் உட்கார்ந்து, பணம் வாங்கிக்கொண்டு பதிவு செய்து கொடுத்த விடுதலையைத் திரும்பப் பெறுவதுதான் மிகக் கடினம். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். உயில் அவ்வளவு உறுதியானது என்றால் அண்ணனுக்கு உங்கள் இருவருடைய கையெழுத்தும் தேவையே இல்லை. ஆளுக்கு ஐந்து லட்சம் கொடுத்து அவர் வாங்கப் பார்ப்பது, உயில் தனக்குத் தராத நிம்மதியை.

முதலில் பவர் விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன், அதில் குழப்பத்துக்கே இடமில்லை. பவர் கொடுத்தவர் இறந்த நொடியில் பவர் முடிந்துவிடுகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. அப்பாவின் கையாக நடக்க அண்ணனுக்கு இருந்த அதிகாரம் 2023 ஜனவரியோடு போயிற்று. "ரத்து செய்ய முடியாதது" என்ற வரியைப் பவரில் எழுதிவிட்டால் போதும் என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். அந்த வரியால் மட்டும் பவர் சாகாமல் நிற்காது. 202-வது பிரிவில் ஒரு விலக்கு இருப்பது உண்மை. பவர் வாங்கியவருக்கு அந்தச் சொத்திலேயே சொந்தமாக ஓர் உரிமை இருந்து, அதைக் காப்பதற்காகவே பவர் எழுதப்பட்டிருக்க வேண்டும். முழு விலையையும் கொடுத்துவிட்டுக் கிரயத்துக்குப் பதிலாகப் பவர் வாங்கியவர் அந்த வாதத்தை வைக்கலாம். நிலத்தைப் பார்த்துக்கொள்ள மகனுக்கு அப்பா கொடுத்த பவர் அந்த வகையில் சேராது. 2019 பத்திரத்தின் நகலை வாங்கி, அண்ணன் அப்பாவுக்குப் பணம் கொடுத்ததாக எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த வாதம் அங்கேயே முடிந்தது.

வாங்கியவர் என்ன சொல்வார்? "பவர் செல்லாது என்று எனக்குத் தெரியாது" என்பார். பவர் முடிந்தது தெரியாமல் நல்லெண்ணத்தோடு நடந்துகொண்ட மூன்றாம் நபருக்கு 208-வது பிரிவு ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. அப்பாவின் காரியத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தவர் அந்தப் பிரிவின் நிழலில் ஒதுங்க முடியாது. அன்றைக்கு அவர் வந்ததை நேரில் பார்த்த உறவினர் இரண்டு பேரிடம் இப்போதே பேசி வையுங்கள், போட்டோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொரு காகிதம். தமிழ்நாட்டில் பவர் ஏஜென்ட் கிரயம் எழுதிக் கொடுக்கும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற மருத்துவர் சான்றை, அதாவது ஆயுள் சான்றை, சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்பது நடைமுறை. அப்படியானால் 2023 மார்ச் கிரயத்தோடு என்ன சான்று வைக்கப்பட்டது? கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடும்போது, அதோடு தாக்கலான ஆயுள் சான்றையும் கேளுங்கள். ஜனவரியில் இறந்தவர் மார்ச்சில் உயிரோடு இருப்பதாக ஒருவர் கையெழுத்திட்டிருந்தால் அது சொத்துத் தகராறு என்ற எல்லையைத் தாண்டிக் குற்ற வழக்காகிறது. அதை உடனே போலீஸுக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை. அது உங்கள் கையில் இருப்பது அண்ணனுக்குத் தெரிந்தாலே பேச்சின் தொனி மாறும்.

2021-ல் விற்ற இரண்டு மாவை இதோடு சேர்க்காதீர்கள். அப்போது அப்பா உயிரோடு இருந்தார், பவரும் உயிரோடு இருந்தது. பக்கவாதத்தால் அப்பாவின் நினைவும் புத்தியும் நிலைகுலைந்திருந்தால் மட்டும் அதையும் கேள்வி கேட்கலாம், ஏனென்றால் பவர் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தாலும் பவர் முடிகிறது. வைத்தியச் செலவு உண்மையாக இருந்தால் அந்தக் கிரயத்தை விட்டுவிடுவதே நல்லது. கணக்கை மட்டும் கேளுங்கள். வந்த விலை அப்பாவின் பணம், ஏஜென்ட் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்.

இனி உயில். பதிவு செய்யாத உயில் செல்லுமா என்றால், செல்லும். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, முத்திரைத்தாள்கூடத் தேவையில்லை, வெள்ளைத்தாளில் எழுதினாலும் உயில்தான். கைரேகை வைத்தாலும் செல்லும். பக்கவாதத்தில் வலது கை விழுந்தவர் கைரேகை வைப்பது இயல்பு. பெண் பிள்ளைகளுக்கு ஒன்றும் எழுதவில்லை என்பது மட்டுமே உயிலைப் பொய்யாக்கிவிடாது. வாரிசு வரிசையை மாற்றத்தானே உயில் எழுதுகிறார்கள். இதையெல்லாம் முதலிலேயே சொல்லக் காரணம், "பதிவு இல்லை, அதனால் செல்லாது" என்ற ஒற்றை வாதத்தை நம்பி நீங்கள் நீதிமன்றத்துக்குப் போய்விடக் கூடாது என்பதுதான்.

ஆனால் உயிலை மெய்ப்பிக்கும் பாரம் முழுக்க அதைக் கொண்டுவருபவர் தலையில். உயில் பொய் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, மெய் என்று அண்ணன் நிரூபிக்க வேண்டும். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-வது பிரிவின்படி குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். உயில் எழுதிவைப்பவர் கையெழுத்தோ ரேகையோ வைத்ததை ஒவ்வொரு சாட்சியும் பார்த்திருக்க வேண்டும், அல்லது வைத்தது தான்தான் என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். வழக்கு என்று வந்தால் அந்தச் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றியாக வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 68-வது பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 67-வது பிரிவு. உயிரோடு இருப்பவர் அண்ணியின் தம்பி மட்டும் என்பதால் அவர்தான் வர வேண்டும். வந்தால், தன் கையெழுத்தைப் பற்றி மட்டும் பேசினால் போதாது, மற்றச் சாட்சி எப்படி, எப்போது கையெழுத்திட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். அன்று அப்பா எந்த அறையில் இருந்தார், உயிலைப் படித்துக் காட்டியது யார், அம்மா எங்கே இருந்தார் என்று குறுக்கு விசாரணையில் கேள்விகள் வரும். நடக்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்பவருக்கு அவற்றைக் கடப்பது எளிதல்ல.

அடுத்தது, இறந்துபோன பத்திர எழுத்தர் உயிலில் எந்த இடத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்? "எழுதியவர்" என்ற இடத்திலா, "சாட்சிகள்" என்ற இடத்திலா? எழுதியவர் என்று மட்டும் கையெழுத்திட்டிருந்தால் அவரைச் சாட்சியாக எண்ண முடியாது. சாட்சியாக நிற்கும் எண்ணத்தோடு இட்ட கையெழுத்துதான் சாட்சிக் கையெழுத்து. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எழுத்தரைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரே சாட்சி, ஒரே சாட்சியோடு உயில் நிற்காது. நீங்கள் பார்த்தபோது போனில் படம் எடுத்திருந்தால் இன்றே அந்த இடத்தைப் பாருங்கள்.

முத்திரைத்தாளின் பின்பக்கத்தையும் பாருங்கள். அங்கே முத்திரைத்தாள் விற்பனையாளர் எழுதிய தேதி, வரிசை எண், வாங்கியவர் பெயர் இருக்கும். தாள் விற்ற தேதி உயில் தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் வழக்கு பாதி முடிந்தது. வாங்கியவர் பெயர் அப்பாவா, அண்ணனா, வேறு யாராவதா என்பதும் முக்கியம்.

சந்தேகத்துக்கு இடம் தரும் சூழ்நிலைகள் இருந்தால், அவை ஒவ்வொன்றையும் உயிலைக் கொண்டுவந்தவரே நீக்க வேண்டும் என்று 1959-ல் உச்ச நீதிமன்றம் வேங்கடாசல அய்யங்கார் வழக்கில் சொன்னது இன்றுவரை எல்லா நீதிமன்றங்களும் பின்பற்றும் அளவுகோல். உயில் எழுதிவைத்தவரின் உடல், மன நிலை, பயன்பெறுபவரே உயிலை எழுதவைப்பதில் முன்னின்றது, இயல்பான வாரிசுகளைக் காரணமில்லாமல் ஒதுக்கியது ஆகியவை அதில் சேரும். உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. பக்கவாதம் வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. முழுப் பயனும் அண்ணனுக்கு, சாட்சி அவருடைய மைத்துனர். எல்லாவற்றையும்விட, கூடவே வாழ்ந்த மனைவிக்கு இருக்க ஓர் அறை என்றுகூட எழுதாதது நீதிபதியின் கண்ணில் முதலில் படும்.

உங்கள் அண்ணனே பதிவு செய்த 2023 கிரயப் பத்திரம்தான் இந்த உயிலுக்கு எதிரான மிகப் பெரிய சாட்சி என்பது என் கருத்து. 2021-லேயே சொத்தெல்லாம் தனக்கு என்று உயில் இருந்திருந்தால், அப்பா இறந்த பிறகு அவர் உயிலின்படி உரிமையாளர். உரிமையாளராகவே விற்றிருக்கலாம். அதை விட்டுவிட்டு, முடிந்துபோன பவரை எடுத்து, இறந்தவரின் ஏஜென்ட் என்று சொல்லி விற்க வேண்டிய தேவை என்ன? அந்தப் பத்திரத்தில் உயிலைப் பற்றி ஒரு வார்த்தையாவது இருக்கிறதா? வாரிசு சான்றிதழ் வாங்கியபோதோ, வங்கியில் அப்பாவின் கணக்கை முடித்தபோதோ அவர் உயிலைப் பற்றிப் பேசினாரா? நீங்கள் பங்கு கேட்ட பிறகுதான் உயில் வெளியே வந்தது என்று ஆவணங்களே காட்டினால் அந்த உயிலைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

கும்பகோணத்துச் சொத்துக்குப் புரொபேட், அதாவது உயில் மெய்யென்று நீதிமன்றம் தரும் சான்று, வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் அண்ணன் தனியாக உயில் வழக்குப் போடாமலே உங்கள் பாகப்பிரிவினை வழக்கில் எதிர்வாதமாக உயிலை வைக்கலாம். வைத்தால் மேலே சொன்ன நிரூபணம் அங்கேயே நடக்க வேண்டும்.

உயில் விழுந்தால் உங்களுக்கு என்ன வரும்? வீடு அப்பாவின் சுய சம்பாத்தியம் என்பதால் அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்குக் கால் பங்கு. நிலத்துக்குச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தாத்தாவிடமிருந்து வந்ததெல்லாம் பூர்வீகச் சொத்து என்று நம் ஊரில் எல்லோரும் நினைக்கிறோம், சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. தாத்தா தன் காசில் வாங்கி, இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால் அது அப்பாவின் கைக்குத் தனிச் சொத்தாகத்தான் வந்தது. அப்போது நிலத்திலும் கால் பங்கு, உயில் மெய்யானால் ஒன்றுமில்லை. தாத்தாவுக்கே அவருடைய அப்பா வழியில் வந்து, கூட்டுக் குடும்பச் சொத்தாகவே உங்கள் அப்பாவின் கைக்கு இறங்கிய நிலம் என்றால் கதை வேறு. அந்தச் சட்டத்தின் 2005 திருத்தமும் அதை விளக்கிய 2020-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை தருகின்றன. அப்பா, அண்ணன், நீங்கள், தங்கை என நான்கு பங்கு. அப்பாவின் கால் பங்கு மறுபடி நான்காகி அம்மாவுக்கும் உங்கள் மூவருக்கும் போகும். அந்தக் கணக்கில் உங்களுக்கு பதினாறில் ஐந்து, அம்மாவுக்கு பதினாறில் ஒன்று. உயில் மெய்யாகவே இருந்தாலும் அப்பா தன் கால் பங்கைத்தான் எழுத முடியும், உங்கள் சொந்தக் கால் பங்கை யாரும் தொட முடியாது. ஆகவே தாத்தா பெயரில் பழைய பாகப்பிரிவினைப் பத்திரமோ கிரயமோ இருக்கிறதா என்று தேடுவதுதான் முதல் வேலை. பதிவுத் துறையின் இணையதளத்தில் 1975 முதல் வில்லங்கம் பார்க்கலாம், அதற்கு முந்தியதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும்.

அப்பா ஓய்வூதியம் வாங்கியவர். பக்கவாதத்துக்குப் பிறகு கருவூலத்திலோ வங்கியிலோ கொடுத்த படிவங்களில் கையெழுத்திட்டாரா, ரேகை வைத்தாரா? 2022-ல்கூடத் தெளிவாகக் கையெழுத்திட்டிருந்தால், 2021 உயிலில் மட்டும் ரேகை ஏன் என்ற கேள்வி எழும். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரியையும் வாங்கி வையுங்கள். உயிலின் ரேகையை 2019 பவர் பதிவின்போது அப்பா வைத்த ரேகையோடு ஒப்பிட நீதிமன்றம் வழியாக நிபுணருக்கு அனுப்பலாம்.

பட்டா மாறியதைப் பார்த்துக் கலங்காதீர்கள். பட்டா வருவாய்த் துறைப் பதிவு, அதனால் உரிமை பிறப்பதில்லை. வாரிசுகளுக்கு நோட்டீஸ் இல்லாமல் மாற்றியிருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். சர்ச்சைக்குரிய உயிலின் உண்மையை வட்டாட்சியர் தீர்மானிக்க முடியாது. மோசடிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்துவிடுவார் என்று யாராவது சொன்னால் அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். 2022-ல் அதற்காகப் பதிவுச் சட்டத்தில் கொண்டுவந்த 77-ஏ பிரிவை 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தள்ளிவிட்டது. உங்களுக்கான இடம் உரிமையியல் நீதிமன்றம்தான்.

அம்மாவின் கண்ணீரை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் வீட்டில் சாப்பிடுகிறவர் வேறு என்ன சொல்வார்? ஆனால் அந்த உயிலால் மிக அதிகம் இழப்பவர் அவர்தான் என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அம்மாவின் பங்கைத் தனக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கச் சொல்லி அண்ணன் அவரிடமும் கேட்கக்கூடும். அம்மா விரும்பிக் கொடுத்தால் அது அவர் உரிமை. கடைசிவரை தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அந்தப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவின் கீழ் அதை ரத்து செய்யச் சொல்லி அவர் தயங்காமல் கேட்க முடியும்.

வழக்குக்கு முன் ஒரு படி இருக்கிறது. கும்பகோணம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால் அண்ணனையும் வாங்கியவரையும் அழைத்துப் பேச வைப்பார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, வழக்கறிஞரையும் அவர்களே அமர்த்தித் தருவார்கள். சமரசமாகி மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அங்கே ஒரு யோசனையை நீங்களே முன்வைக்கலாம். விற்ற மூன்று மாவை அண்ணனின் பங்கில் அடைத்துக்கொண்டு, மிச்ச நிலத்தையும் வீட்டையும் மற்ற மூவருக்கும் கூடுதலாகக் கணக்கிடலாம். பாகப்பிரிவினை வழக்குகளில் நீதிமன்றங்களும் கூடுமானவரை இப்படித்தான் செய்கின்றன. வாங்கியவரும் தப்புவார், தெருவில் பகையும் குறையும்.

அது நடக்கவில்லை என்றால் பாகப்பிரிவினை வழக்கு. அண்ணன், அம்மா, தங்கை, நிலம் வாங்கியவர் நால்வரையும் கட்சி சேர்க்க வேண்டும். 2023 கிரயம் உங்களைக் கட்டுப்படுத்தாது என்ற பரிகாரத்தையும், மிச்ச நான்கு மாவையும் வீட்டையும் விற்கக் கூடாது என்ற இடைக்காலத் தடையையும் அதிலேயே கேளுங்கள். கிரயம் பற்றிய பரிகாரத்துக்கு, அது தெரிய வந்ததிலிருந்து மூன்று ஆண்டுதான் காலவரம்பு. 2025 தீபாவளி உங்கள் கணக்கின் தொடக்கம். அந்த எல்லைவரை காத்திருக்க வேண்டாம், அதற்குள் மிச்ச நிலமும் கைமாறிவிடும்.

வழக்குக்கு முன்பாகவே வழக்கறிஞர் மூலம் அண்ணனுக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். உயிலின் முழு நகலும், 2021, 2023 கிரயத் தொகைகளின் கணக்கும் கேளுங்கள். உயில் எங்கே, எப்போது, யார் முன்னிலையில் எழுதப்பட்டது என்று அவர் தரும் பதிலைப் பத்திரமாக வையுங்கள். பிறகு சாட்சி கூண்டில் வேறு கதை சொன்னால் அந்தப் பதில் கடிதம் உங்கள் வழக்கறிஞருக்குத் தேவைப்படும்.